மேகத்தில் வைக்கும் பெட்டி

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனவர்களுக்கு எட்டிமடை நிலையம் நன்றாகத் தெரிந்திருக்கும். அதைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து காடு வந்துவிடும். எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் நடுவே 'ஏ' பாதை, 'பி' பாதை என்று இரண்டு தண்டவாளங்கள் தனித்தனியே பிரிந்து ஓடுகின்றன. இரண்டும் மதுக்கரை வனச்சரகத்துக் காட்டுக்குள் புகுந்துதான் வெளியே வருகின்றன. ரயில் வருவதற்கு முன்பே யானைகளுக்கு அது வழி. தண்ணீருக்கும் தீனிக்கும் அவை இரவில் கூட்டமாக அந்தப் பக்கம் கடக்கின்றன. 2021-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி இரவு, நவக்கரைக்குப் பக்கத்தில் மங்களூர் - சென்னை ரயிலில் அடிபட்டு ஒரே சமயத்தில் மூன்று யானைகள் இறந்தன. 2008-ஆம் ஆண்டிலிருந்து கணக்குப் பார்த்து, இப்பகுதியில் 11 யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்டதாக வனத்துறையின் புள்ளிவிவரம் கூறுகிறது.

இதைத் தடுக்க நமது தமிழ்நாடு வனத்துறை 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மதுக்கரையில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள். அவற்றில் 24 காமிராக்கள். செலவு 7 கோடியே 24 லட்சம் ரூபாய். சாதாரணக் காமிராக்களுடன், உடம்பின் சூட்டை வைத்து இருட்டிலும் படம் பிடிக்கும் காமிராக்களும் இருக்கின்றன. படத்தில் யானை தெரிந்தால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போகும். அங்கிருந்து வனத்துறையினருக்கும் ரயில்வேக்கும் சொல்லப்பட்டு, ரயில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். யானை தண்டவாளத்தை நெருங்க நெருங்க எச்சரிக்கையின் நிறம் மாறி, கடைசியில் சிவப்பாகும். இந்த ஏற்பாடு வந்தபின் அவ்விடத்தில் ரயிலில் அடிபட்டு ஒரு யானையும் இறக்கவில்லை என்று 2025-ஆம் ஆண்டில் வனத்துறை அறிவித்தது. எங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வரும் தோழியர் சிலர் உண்டு. ஆகவே இந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லத் தரமன்று.

காமிரா படம் பிடிக்கும். அது யானையா, எருமையா, வெயிலில் காய்ந்து இரவிலும் சூடாக நிற்கும் பாறையா என்று யார் சொல்வது? அதற்குத்தான் 'மாடல்' என்று ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். 'மெஷின் லேர்னிங்' என்பது இதுவே. இயந்திரம் எப்படிக் கற்கிறது என்பதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே கேட்க விரும்புவது அடுத்த கேள்வி. படித்து முடித்த பெண் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் படிப்பால் ஊருக்கு என்ன பயன்? கற்று முடித்த மாடலையும் ஓரிடத்தில் வேலைக்கு அமர்த்த வேண்டும். கேட்டவுடன் அது பதில் சொல்ல வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கேட்டாலும் சொல்ல வேண்டும். யானை அடையாளம் காணும் மாடல் ஒன்றை நாமே செய்து முடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதை 'கிளவுட்' எனப்படும் மேகத்தில் எப்படி அமர்த்துவது?

முதலில் மேகத்தைக் கீழே இறக்கிவிடுவோம்! அது வானத்தில் இல்லை. பெரிய கட்டடங்களில் அடுக்கடுக்காக வைத்த கம்ப்யூட்டர்கள்தாம் மேகம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் சென்னையிலும் மும்பையிலும் புனேயிலும் அப்படிப்பட்ட நிலையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இலும் கூகுள் 2017-இலும் மும்பையில் திறந்தன. மணிக்கணக்குப்படி வாடகை கொடுத்தால் அந்தக் கம்ப்யூட்டர்களில் நமக்கும் இடம் கிடைக்கும். மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு, பழுதானால் வேறு கம்ப்யூட்டர் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

இடம் கிடைத்துவிட்டது, மாடலை அங்கே அனுப்பினால் போதுமா? போதாது. மாடல் என்பது எண்களால் நிறைந்த ஒரு கோப்பு, அவ்வளவுதான். அது தானாக எதுவும் செய்யாது. அதைத் திறந்து கணக்குப் போடுவதற்குப் பைத்தான் மொழி வேண்டும். கணக்கு நூலகங்கள் வேண்டும். படத்தைத் திறக்க வேறொரு நூலகம் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் உண்டு. இரண்டாம் பதிப்பில் பழகிய மாடல் மூன்றாம் பதிப்பில் ஓட மறுக்கலாம். அதைவிடக் கெட்டது, மறுக்காமல் ஓடித் தவறான விடை சொல்வது. "என் கம்ப்யூட்டரில் ஓடியதே, அங்கே ஏன் ஓடவில்லை?" என்று புலம்பாத கம்ப்யூட்டர்க்காரர் கிடையாது என்பார்கள்.

இந்தப் புலம்பலுக்கு மருந்தாக வந்ததே 'கண்டெய்னர்'. பெயரைக் கேட்டதும் நமக்கு அவிநாசி சாலையில் ஊர்ந்து போகும் கண்டெய்னர் லாரி ஞாபகம் வரும். அதுவே சரியான ஞாபகம். திருப்பூரில் தைத்த பனியன்கள் பெட்டியில் ஏற்றப்பட்டு, பூட்டப்பட்டு, தூத்துக்குடி துறைமுகம் போய்க் கப்பலேறுகின்றன. லாரி ஓட்டுநருக்கும் கிரேன் ஓட்டுபவருக்கும் உள்ளே பனியனா, மோட்டார் பம்பா என்று தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அகலமும், நான்கு மூலைகளிலும் உள்ள பிடிகளும் உலகம் முழுவதும் ஒரே அளவு. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன் மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றிய வேலை அன்றிலிருந்து மாறத் தொடங்கியது.

கம்ப்யூட்டர் உலகில் இதே வேலையை 2013-இல் வெளிவந்த 'டாக்கர்' என்ற மென்பொருள் எல்லோருக்கும் எளிதாக்கியது. அதன் சின்னமே முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் ஒரு திமிங்கிலம்! மாடல், அதற்கு வேண்டிய மொழி, நூலகங்கள், எல்லாம் ஒரே பெட்டிக்குள். நாம் பள்ளிக்குக் கொண்டுவரும் தூக்குப்போசியை நினைத்துக்கொள்ளலாம். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் உள்ளேயே இருப்பதால் எங்கே உட்கார்ந்து திறந்தாலும் சாப்பாடு நம் வீட்டுச் சாப்பாடுதான்.

மேக நிறுவனங்களே சில பெட்டிகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கின்றன. மாடலை மட்டும் கொடுத்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் மாடல் அவர்கள் எதிர்பார்க்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் அதையே வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பது எங்கள் அபிப்பிராயம். கடையில் சரியான அளவில் கிடைக்கும் சட்டைக்குத் தையற்காரரைத் தேடுவானேன்? ஆனால் யானை மாடலுக்கு அந்தச் சட்டை பொருந்துவதில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

காமிரா தரும் படத்தை அப்படியே மாடலிடம் கொடுக்க முடியாது. முதலில் அதைக் குறிப்பிட்ட அளவுக்குச் சுருக்க வேண்டும். பல மாடல்களுக்கு 640-க்கு 640 புள்ளிகள் என்ற சதுர அளவு. காமிராப் படமோ நீள்சதுரம். அப்படியே அமுக்கிச் சதுரமாக்கினால் யானை ஒல்லியாகிவிடும். ஓரங்களில் வெற்றிடம் வைத்துச் சதுரமாக்கினால் யானை யானையாகவே இருக்கும். பயிற்சியின்போது எந்த முறையைக் கையாண்டோமோ அதே முறையைத்தான் வேலையிலும் கையாள வேண்டும். அடுத்தது நிறம். படத்தைத் திறக்கப் பெரும்பாலோர் பயன்படுத்தும் 'ஓப்பன் சி.வி.' என்ற நூலகம் நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் கொடுக்கிறது. மாடல்களில் பல, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையை எதிர்பார்க்கின்றன. வரிசை மாறினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும், விடையின் தரம் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். மூன்றாவது, சூட்டுக் காமிராவின் படத்தில் நிறமே கிடையாது. சூடான இடம் வெளிச்சமாகவும் குளிர்ந்த இடம் இருட்டாகவும் ஒரே ஒரு தளம்தான். பகல் படத்துக்கு ஒரு பக்குவம், இரவுப் படத்துக்கு வேறு பக்குவம்.

இந்தப் பக்குவங்கள் எல்லாம் மாடலோடு அதே பெட்டிக்குள் இருக்க வேண்டும். வெளியே இன்னொருவர் கையில் விட்டால், அவர் ஒரு நாள் எதையாவது மாற்றுவார். மாடல் கெட்டுவிட்டது என்று நாம் நினைப்போம். ஆகவேதான் நமக்கென்று தனியாக ஒரு பெட்டி, அதாவது 'கஸ்டம் கண்டெய்னர்' தேவைப்படுகிறது.

பெட்டி செய்ய ஒரு குறிப்பு எழுத வேண்டும். 'டாக்கர்ஃபைல்' என்று பெயர். சமையல் குறிப்பைப் போலவே மேலிருந்து கீழாக வரிகள்: இந்த அடிப்படைப் பெட்டியிலிருந்து தொடங்கு, இந்தப் பதிப்பு எண்ணுள்ள நூலகங்களைச் சேர், மாடலை உள்ளே வை, நம் நிரலை உள்ளே வை, பெட்டி திறந்ததும் இந்த நிரலை ஓட்டு. ஒவ்வொரு வரியும் ஓர் அடுக்காகப் படியும். ஓர் அடுக்கில் மாற்றம் செய்தால் அதையும் அதற்கு மேலுள்ள அடுக்குகளையும் மட்டும் மறுபடி செய்தால் போதும். எனவே எப்போதோ மாறும் நூலகங்களை முதலிலும், அடிக்கடி மாறும் நம் நிரலைக் கடைசியிலும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் ஒரு காற்புள்ளியைத் திருத்தியதற்கும் எல்லா நூலகங்களும் மறுபடி இறங்கும். அதற்குள் ஒரு கிரைண்டர் மாவு ஆட்டி முடித்துவிடலாம். பெட்டியில் கடவுச்சொற்களை வைக்கவே கூடாது. பெட்டியைப் பெறும் எவரும் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க முடியும்.

பெட்டி தயாரானதும் அதைக் கிடங்கில் ஏற்றி, மேகத்துக்குச் சில விவரங்களைச் சொல்ல வேண்டும். முதல் விவரம் கதவு எண். கம்ப்யூட்டரில் இதை 'போர்ட்' என்கிறார்கள். அமேசானின் 'சேஜ்மேக்கர்' சேவையில் அது 8080. கூகுளின் 'வெர்டெக்ஸ்' சேவையிலும் நாம் வேறு சொல்லாவிட்டால் 8080 தான். கோயம்புத்தூர் பம்புக்கும் பி.வி.சி. குழாய்க்கும் அங்குல அளவு ஒத்துப்போவதைப் போன்றது இது. ஒத்துப்போகாவிட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. கதவு எண்ணோடு இன்னொன்றும் உண்டு. நம் நிரல் எந்த முகவரியில் காது கொடுக்கிறது? 127.0.0.1 என்று எழுதினால் பெட்டிக்குள்ளிருந்து கூப்பிட்டால் மட்டுமே அதற்குக் கேட்கும். வெளியிலிருந்து மேகம் எவ்வளவு தட்டினாலும் கேட்காது. 0.0.0.0 என்று எழுதினால்தான் எந்தப் பக்கத்திலிருந்து வரும் குரலும் கேட்கும். இந்த ஒரு வரியால் தூக்கமிழந்தவர்கள் உலகத்தில் ஏராளம்.

இரண்டாவது விவரத்தைத்தான் நாங்கள் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறோம். அது நலம் விசாரித்தல்.

நம் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று, "ஏனுங்க, வீட்டுல இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்போம். "இருக்கறோமுங்க, வாங்க" என்று பதில் வந்த பிறகே படியேறுவோம். மேகமும் அப்படியே. பெட்டியைத் திறந்து வைத்ததும், குறிப்பிட்ட பாதையில் ஒரு சிறு விசாரணையை அனுப்புகிறது. சேஜ்மேக்கரில் அந்தப் பாதைக்கு 'பிங்' என்று பெயர். 2 வினாடிக்குள் பதில் வர வேண்டும். பெட்டி '200' என்று எண் சொன்னால், நலம், வேலைக்குத் தயார் என்று பொருள். வேறு எண் சொன்னாலும், பேசாமல் இருந்தாலும் தயாரில்லை என்று பொருள். வெர்டெக்ஸ் சேவை தொடர்ந்து இப்படி விசாரித்துக்கொண்டேயிருக்கிறது. வரிசையாக 4 முறை சரியான பதில் வராவிட்டால் அந்தப் பெட்டிக்குக் கேள்விகளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது.

இதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். எந்த நிலையிலும் '200' என்று சொல்லும்படி ஒரே வரியில் எழுதிவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதுதான் ஆபத்து. பெட்டி திறந்தவுடன் நிரல் ஓடத் தொடங்கும். ஆனால் பெரிய மாடல் நினைவகத்தில் ஏறுவதற்குக் கொஞ்சம் நேரமாகும், சில சமயம் ஒரு நிமிடத்துக்கும் மேல். அந்த நேரத்தில் 'நலம்' என்று பதில் சொன்னால், கடை திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, கடைக்காரர் மட்டும் வரவில்லை என்ற கதையாகிவிடும். மேகம் நம்பிக்கையோடு யானைப் படத்தை அனுப்பும். உள்ளே பார்க்க ஆளில்லை. பேசாமல் இருக்கும் பெட்டியைவிட, தயாராகாமலே தயார் என்று சொல்லும் பெட்டி மோசமானது. பேசாத பெட்டிக்குப் பதிலாக மேகம் வேறு பெட்டியைத் தேடிக்கொள்ளும். பொய் சொல்லும் பெட்டியை அது நம்பிக்கொண்டேயிருக்கும்.

ஆகவே சரியான முறை யாதெனில், பெட்டி திறந்ததும் மாடலை ஏற்ற வேண்டும். யானை இருக்கிறது என்று நமக்கே தெரிந்த ஒரு படத்தை உள்ளேயே வைத்திருந்து, அதை மாடலிடம் ஒருமுறை காட்ட வேண்டும். 'யானை' என்று விடை வந்தால் மட்டுமே அதன்பின் '200' சொல்ல வேண்டும். முதல் படத்துக்கு எப்போதும் அதிக நேரம் பிடிக்கும் என்பதால் இந்த ஒத்திகை அதற்கும் உதவும். ஆனால் ஒவ்வொரு விசாரணைக்கும் ஒத்திகை பார்க்கக்கூடாது. 2 வினாடிக்குள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அது வீண் சுமை. மைக்ரோசாஃப்ட் சேவையில் இரண்டு விசாரணைகளையும் தனித்தனியாகவே பிரித்திருக்கிறார்கள்: உயிரோடு இருக்கிறாயா என்பது ஒன்று, வேலைக்குத் தயாரா என்பது மற்றொன்று. இது நல்ல பிரிவினை. காய்ச்சலில் படுத்திருப்பவர் உயிரோடுதான் இருக்கிறார். அவரைப் பரீட்சை எழுதக் கூப்பிடலாமா?

மூன்றாவது விவரம், கேள்வியும் பதிலும் வரும் பாதை. வெர்டெக்ஸ் சேவையில் கேள்வி 'இன்ஸ்டன்சஸ்' என்ற பெயருள்ள பட்டியலாக வரும். பதில் 'ப்ரெடிக்ஷன்ஸ்' என்ற பெயருள்ள பட்டியலாகப் போக வேண்டும். மூன்று படம் கேட்டால் மூன்று பதில், அதே வரிசையில். படத்தை எழுத்துகளாக மாற்றித்தான் இந்தப் பட்டியலில் வைக்க முடியும். அப்படி மாற்றும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகும். அதாவது படத்தின் எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பொது வாயிலில் கூகுள் வைத்திருக்கும் வரம்பு 1.5 எம்.பி. மட்டுமே. இன்றைய காமிராவின் ஒரு முழுப் படம் அதைத் தாண்டிவிடக்கூடும். எனவே கோபுரத்திலேயே படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டியிருக்கும்.

பதிலில் "யானை" என்ற சொல்லை மட்டும் அனுப்பாமல், எவ்வளவு நிச்சயம் என்ற எண்ணையும் சேர்த்து அனுப்புவது நல்லது. 0.9 என்றால் ஏறக்குறைய உறுதி, 0.4 என்றால் சந்தேகம். எந்த எண்ணுக்கு மேல் மணி அடிக்க வேண்டும் என்பதைப் பெட்டிக்குள் எழுதிப் பூட்டிவிடக்கூடாது. பாறையைப் பார்த்து மணி அடித்தால் ஒரு ரயில் வீணாக மெதுவாகப் போகும். யானையைப் பார்த்து மணி அடிக்காவிட்டால் என்னவாகும் என்பதை நவக்கரை சொல்லிவிட்டது. இந்த இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் வேலை கட்டுப்பாட்டு அறையில் விழித்திருக்கும் மனிதருடையது. அவர் கைக்கு எட்டும் இடத்தில் அந்த எண் இருக்க வேண்டும்.

இனி நேரத்துக்கு வருவோம். சேஜ்மேக்கரில் ஒரு கேள்விக்குப் பெட்டி 60 வினாடிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. 60 வினாடி என்பது கேட்பதற்குக் கொஞ்சமாகத் தோன்றும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயில் அதற்குள் சரியாக 1 கி.மீ. கடந்துவிடும். ஓட்டுநர் பிரேக் போட்ட பிறகும் ரயில் உடனே நிற்காது. மேலும் பல நூறு மீட்டர் ஓடும். மேகத்தின் விதிப்படி தேர்ச்சி பெற்ற பெட்டி, மதுக்கரைக் காட்டின் விதிப்படி தோற்றுப்போகலாம்.

பெட்டி வேகமாக இருந்தாலும் வழி மெதுவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மையான சம்பவம் உண்டு. அது கண் மருத்துவத்தைச் சேர்ந்தது. நீரிழிவு நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைக் கண்டறியும் மாடல் ஒன்றைக் கூகுள் விஞ்ஞானிகள் செய்து 2016-இல் வெளியிட்டார்கள். அதற்குப் படம் கொடுத்து உதவியவற்றுள் நமக்குத் தெரிந்த அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அடங்கும். மாடல் மிகவும் கெட்டிக்கார மாடல். அதைத் தாய்லாந்து நாட்டில் 11 மருத்துவ நிலையங்களில் பயன்படுத்திப் பார்த்து, 2020-இல் ஆய்வு வெளியிட்டார்கள். படத்தை இணையம் வழியாக மேகத்துக்கு அனுப்பித்தான் விடை பெற வேண்டும். இணைப்பு மெதுவாக இருந்த இடங்களில் ஒரு படம் போய்ச்சேர 60 முதல் 90 வினாடி வரை ஆயிற்று. காலை ஆறு மணி முதல் நோயாளிகள் காத்திருக்க, முதல் இரண்டு மணி நேரத்தில் 10 பேரை மட்டுமே பார்க்க முடிந்தது என்று ஒரு நர்ஸ் வருந்தியதாக அவ்வாய்வு கூறுகிறது. மேலும், முதல் ஆறு மாதங்களில் அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தெளிவு போதாது என்று அந்த ஏற்பாடு திருப்பிவிட்டது. அறையில் வெளிச்சம் குறைவாக இருந்தது அதற்கு ஒரு காரணம். மாடலின் அறிவில் குறையில்லை. ஆனாலும் நோயாளிகள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அடுத்து வாடகைச் செலவு. சில மேகச் சேவைகளில், கேள்வி வராத நேரத்தில் பெட்டிகளை மூடிவிட்டு, கேள்வி வந்ததும் மறுபடி திறக்கும் வசதி உண்டு. பகலில் மட்டும் நடக்கும் கடைக்கு இது நல்ல சிக்கனம். யானையோ சொல்லிவிட்டு வருவதில்லை. மூன்று நாள் ஒன்றும் வராது. நான்காம் நாள் இரவு ஒரு கூட்டமே வந்து நிற்கும். அப்போது பெட்டியைத் திறந்து, மாடலை ஏற்றி, ஒத்திகை பார்த்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். ஆகவே குறைந்தது ஒரு பெட்டியாவது எந்நேரமும் விழித்திருக்க வேண்டும் என்று கட்டளையில் எழுத வேண்டும். அது பழுதானால் என்ன செய்வது என்பதால் இரண்டு என்று எழுதுவதே மேல். விழித்திருக்கும் பெட்டிக்கு ஒவ்வொரு மணிக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். சும்மா இருப்பதற்குப் பணமா என்று பெற்றோர் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. இரவுக் காவலருக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் போன்றதுதான் இது.

இவ்வளவும் சொன்ன பிறகு, முதல் எச்சரிக்கையை மேகத்தை நம்பி விடலாமா என்ற கேள்வி எழும். விடக்கூடாது என்பதே எங்கள் எண்ணம். இடி மழையில் காட்டுக்குள் இணைப்பு அறுந்துபோகலாம். யானையா இல்லையா என்ற முதல் விடை தண்டவாளத்தின் அருகிலேயே, கோபுரத்திலோ கட்டுப்பாட்டு அறையிலோ கிடைத்துவிட வேண்டும். நல்ல வேளையாக, கண்டெய்னரின் பெருமையே இங்குதான் வெளிப்படுகிறது. நூலகங்களையும் பக்குவங்களையும் உள்ளே வைத்துக் கட்டிய அதே வகைப் பெட்டியைக் கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம், மும்பையிலும் திறக்கலாம். அருகிலுள்ள பெட்டி உடனடி மணியை அடிக்கட்டும். அவசரமில்லாத வேலைகளை, அதாவது சந்தேகமான படங்களை மறுபடி பார்ப்பது, ஒரு மாதத்துப் படங்களை வைத்து எந்த வழியில் எத்தனை யானை கடந்தது என்று எண்ணுவது முதலியவற்றை மேகத்திலுள்ள பெட்டி நிதானமாகச் செய்யட்டும்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது: பெட்டியை மாற்றுவது. மழைக்காலப் படங்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்துப் புதிய மாடல் தயாராகிறது. பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை ஒரே நாளில் வைக்கலாமா? மேகத்தில் இதற்கு ஒரு வசதி செய்திருக்கிறார்கள். வரும் கேள்விகளில் 10 சதவீதத்தைப் புதிய பெட்டிக்கும் 90 சதவீதத்தைப் பழைய பெட்டிக்கும் அனுப்பும்படி பிரித்துக் கொடுக்கலாம். யானை விஷயத்தில் அந்தப் பத்தில் ஒரு பங்கையும் பரிசோதனைக்கு விடுவது சரியன்று. ஆகவே எல்லாப் படங்களையும் இரண்டு பெட்டிகளுக்கும் அனுப்பி, பழைய பெட்டியின் சொல்லுக்கு மட்டும் மணி அடித்து, புதியது என்ன சொல்கிறது என்பதைக் குறித்துவைத்துப் பார்க்கும் முறையே நமக்கு ஏற்றது. இரண்டும் வேறுபட்ட படங்களை மட்டும் எடுத்து வனக்காவலரிடம் காட்டினால், எது யானை, எது பாறை என்று அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

இதற்காகவே ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு வைக்க வேண்டும். 'லேட்டஸ்ட்', அதாவது புதியது, என்று மட்டும் பெயர் எழுதினால் இன்று புதியதாக இருப்பது நாளைக்குப் பழையதாகிவிடும். எந்தப் பெட்டி எந்த இரவில் வேலை செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஏழாம் எண் பெட்டியில் கோளாறு என்று தெரிந்தால், கிடங்கில் இருக்கும் ஆறாம் எண் பெட்டியை எடுத்துத் திறந்தால் போதும். அதன் மாடலும், நூலகங்களும், படத்தைப் பக்குவம் செய்யும் முறையும் நேற்று இருந்தபடியே உள்ளே இருக்கும்; அது ஒத்திகை பார்த்து, '200' என்று சொன்னதும் அடுத்த படம் அதற்குப் போகும்.